பாய்கோவைத் தராசில் வைத்த அப்பா

மனைவி நெவேனாவுக்குப் பால் போதவில்லை என்று ஸ்லாவ்சோ முடிவு கட்டியது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமையே ஸ்லிவென் நகரச் சந்தையில் இருக்கும் தன் பாலாடைக்கட்டிக் கடைத் தராசைத் தூக்கிவந்து சமையலறை மேசையில் வைத்துவிட்டார். ஒன்றரை மாதக் குழந்தை பாய்கோவைப் பால் குடிக்கும் முன் ஒரு தடவை, குடித்த பின் ஒரு தடவை எடை போட்டால் கணக்குத் தெரிந்துவிடும். இதில் என்ன தப்பு வந்துவிடப்போகிறது?

வந்தது. காலையில் நூறு கிராம், மத்தியானம் நாற்பது. மனுஷன் பதறிப்போனார். குழந்தை குடித்துக்கொண்டிருக்கும்போதே பிடுங்கித் தராசில் வைக்க ஆரம்பித்தார்.

"இங்க கொடு, எவ்வளவு போயிருக்குன்னு பாக்கறேன்."

"இன்னும் குடிச்சுக்கிட்டிருக்கான்ங்க."

"அஞ்சு நிமிஷத்துல குடிக்காதவன் ஆறாவது நிமிஷத்துல என்னத்தக் குடிச்சிடப் போறான்?"

நெவேனா பல்லைக் கடித்தாள். "கடைக்கு வர்றவங்க வாயிலேர்ந்தும் இப்படித்தான் பிடுங்குவீங்களா?"

"அவங்க எடை போட்ட அப்புறம்தான் சாப்பிடறாங்க."

போதாக்குறைக்கு, பால் ஊறும் என்று ஊரே சொல்கிற போசா வேறு. தானியத்தைப் புளிக்கவைத்த பழுப்பான, தித்திப்பான கூழ். தினம் இரண்டு பாட்டில் வாங்கிவந்தார். அந்த வாடையே அவளுக்கு ஆகாது.

வெள்ளிக்கிழமை ஸ்லாவ்சோ கெடு வைத்தார். "அடுத்த வெள்ளி குழந்தையப் பாக்க நர்ஸ் வருவா. இருநூறு கிராம் ஏறலைன்னா பால்பவுடர் டின் வாங்கிடுவேன்."

நெவேனா குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தன்னால் முடியாது என்று ஒரு தராசு சொல்லிவிடுமோ? "ஏறிடுச்சுன்னா?"

"தராசு கடைக்குப் போயிடும்."

"நீங்களே தூக்கிட்டுப் போகணும்."

"போறேன், போ."

மறுநாளிலிருந்து குழந்தை பால் குடிக்கிற நேரம் பார்த்து மேசையில் சுடச்சுடப் பன் வந்தது. ஸ்லாவ்சோ ஒன்று தின்றார், இரண்டு தின்றார், ஐந்து தின்றார். தட்டு காலியாகி அவர் எழுந்திருப்பதற்குள் பாய்கோ வயிறு நிறையக் குடித்துத் தூங்கியிருப்பான்.

அடுத்த வெள்ளி நர்ஸ் டோட்கா எடை போட்டாள். இருநூற்றறுபது கிராம் ஏறியிருந்தது.

ஸ்லாவ்சோ மார் தட்டினார். "எல்லாம் நான் வாங்கிக் கொடுத்த போசா."

"நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலை" என்றாள் நெவேனா.

"அப்ப பதினாலு பாட்டில்?"

"அதை ஊத்தித்தான் பன்னுக்கு மாவு பிசைஞ்சேன். நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "முதல்ல வர்ற பால் தண்ணியா இருக்கும், தாகத்துக்கு. போகப் போகத்தான் கொழுப்பு ஏறும். புள்ள குடிக்கக் குடிக்கத்தான் பாலும் ஊறும். நடுவுல பிடுங்காம இருந்தாலே போதும். பால்லயே பொழைக்கிற உங்களுக்கு இதுகூடவா தெரியாது?"

 ஸ்லாவ்சோ தராசைத் தூக்கிக்கொண்டு நான்காம் மாடியிலிருந்து படியிறங்கினார். ஒரே வாரத்தில் நான்கு கிலோ ஏறிய உடம்பு, இரண்டாம் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டது.