மைக்கூடு கட்டும் முறை

வாசகரே, வேலையைவிட வேலை செய்யும் முறையைக் காதலிக்கும் மனிதரை உங்களுக்குத் தெரியும். அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. சோம்பேறியாக இருந்தால் ஊருக்கு எவ்வளவோ நல்லது. அவர் உழைப்பாளி. குழம்பு வைக்கச் சொன்னால், அடுப்பு இருக்கும் இடமே தப்பு என்று ஆரம்பித்து, அதைக் கழற்றி, எதிர்ச்சுவரில் மாட்டி, மாட்டியதன் நியாயத்தையும் விளக்கிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். குழம்பா? அதற்கென்ன அவசரம்? கோயில் கமிட்டியிலும் கல்யாண வீட்டிலும் இலைமறை காயாக வாழ்ந்துவந்த இந்த இனத்துக்குக் கணினி வந்த பிறகுதான் பொற்காலம் பிறந்தது.

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் பகுதியில் அடுக்குமாடியில் குடியிருந்த நாகநாதன் இந்த இனத்தில் உத்தமர். தொழிற்சாலையில் பொறியாளர். 1998இல் அவரும், கடலுக்கு அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் வேலை பார்த்த வின்சென்ட்டும் சேர்ந்து, தமிழில் தட்டச்சு செய்ய 'மைக்கூடு' என்ற மென்பொருளை எழுதினார்கள். விலை கிடையாது, அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். இணையத்தில் போட்டதும் எங்கெங்கிருந்தோ தமிழர்கள் மின்னஞ்சலில் வந்து சேர்ந்துகொண்டார்கள். உள்ளூரில் அதற்காகக் காத்திருந்தவர் ஒருவர்தான்: தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆலிஸ். பள்ளியின் ஆண்டு மலரை இந்த முறை கணினியிலேயே அச்சடித்துத் தருவதாகத் தலைமையாசிரியரிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

மென்பொருள் முடிந்தது. சண்டை தொடங்கியது.

மனிதர் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதை 'பில்ட்' என்பார்கள். வின்சென்ட் அதற்கு மூன்றே வரிகளில் ஒரு கோப்பு எழுதியிருந்தார். ஒரு சொல்லைத் தட்டினால், நுரை பொங்க ஆற்றிக் கொடுத்த தே தாரேக் தேநீர் சூடு ஆறுவதற்குள் மைக்கூடு தயார். நாகநாதனுக்குப் பொறுக்கவில்லை. ஓடுகிறது, சரி. முறையாக ஓடுகிறதா? நாளைக்கே ஐஸ்லாந்தில் ஒரு தமிழர் விசித்திரமான கணினியோடு உட்கார்ந்திருந்தால் அவர் கதி என்ன? அந்த ஐஸ்லாந்துக்காரருக்காக நாகநாதன் புதிதாக ஒன்றை எழுதினார். அது முதலில் கணினியைக் குறுக்கு விசாரணை செய்யும். உன்னிடம் இது இருக்கிறதா, அது இருக்கிறதா, யாரும் பேசாத அந்தப் பழைய நிரல்மொழி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போகும். பதில்கள் திருப்தியாக இருந்தால்தான் வேலையைத் தொடங்கும்.

வின்சென்ட்டின் கோப்பை நாகநாதன் நீக்கினார். வின்சென்ட் திரும்பப் போட்டார். சூலியா தெருவில், சனிக்கிழமைதோறும் இருவரும் சந்திக்கும் அப்துல் காதர் தேநீர்க் கடையில் விஷயம் வெடித்தது.

"மூணு வரியில முடியிற வேலை அண்ணே. எதுக்கு இவ்வளவு?" என்றார் வின்சென்ட்.

"மூணு வரியில முடிஞ்சா அது முறை இல்ல தம்பி, பழக்கம்லா."

வின்சென்ட் பாதித் தேநீரோடு எழுந்து போனார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. நாகநாதன் தனியே உட்கார்ந்து, கொள்கை என்றால் இழப்பு இருக்கத்தான் செய்யும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் ரொட்டி சானாய் இறங்கவில்லை.

தன் முறையை நிரூபிக்க அவர் பள்ளிக்கே போனார். பள்ளிக் கணினி வயதானது. விசாரணை பாதியில் நின்றது. ஏதோ ஒரு கருவி இல்லையாம். அதை ஏற்றினால் அதற்கு இன்னொன்று வேண்டுமாம். பள்ளி மணி அடித்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். மலர் இந்த ஆண்டுக்குள் வருமா என்று ஆலிஸ் மரியாதையாகக் கேட்டார். வின்சென்ட்டின் மூன்று வரியைத் தட்டிப் பார்க்கலாம் என்று நாகநாதனுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டு, வேறு டிஸ்க் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது அச்சுப்பொறி ஓடிக்கொண்டிருந்தது.

"யார் பில்ட் பண்ணது?" என்று கேட்டார்.

"அதெல்லாம் தெரியாது அண்ணே. வின்சென்ட் மோட்டார் சைக்கிள்ல வந்து டிஸ்க் கொடுத்தாரு. திறந்தேன், வேலை செய்யுது."

நாகநாதன் ஒரு தாளை எடுத்தார். பினாங்கு ஃபெரியைப் பற்றி ஏதோ ஒரு பிள்ளை எழுதிய பாட்டு. அதில் 'மழை' என்று ஒரு சொல். அந்த 'ழ'வின் வளைவு சரியாக வருவதற்காக முன்பு வாரக்கணக்கில் கண் எரிய உட்கார்ந்தவர் அவர்தான். மைக்கூட்டிலிருந்து இப்படி ஒரு தாள் வெளியே வரும் என்பதே பல மாதங்களாக அவருக்கு மறந்துபோயிருந்தது. அன்றே ஃபெரி ஏறிச் சிம்பாங் அம்பாட் போனார்.

வின்சென்ட் வீட்டு வாசலில் நின்றபடியே, "உன் முறையே இருக்கட்டும் தம்பி" என்றார்.

வின்சென்ட் உருகிப்போனார். அண்ணன் செய்ததிலும் நல்லது இருக்கிறது, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று உள்ளே அழைத்துப்போனார். சமாதானம் பிறந்தது. அன்றைய மின்னஞ்சலைத் திறந்தார்கள். டொரொண்டோவிலிருந்து விநாசித்தம்பி என்பவர் எழுதியிருந்தார்: இரண்டு முறையுமே தவறு, தன்னிடம் மூன்றாவது ஒன்று இருக்கிறது.

அண்ணனும் தம்பியும் ஒரே நாற்காலியைப் பகிர்ந்துகொண்டு, தோளோடு தோள் உரச, அவருக்கு மறுப்பு எழுத உட்கார்ந்தார்கள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர்கள் இருந்ததேயில்லை. இடையில் ஆலிஸ் தொலைபேசியில் அழைத்து, 'ஔ' மட்டும் அச்சில் வரவில்லை என்றார். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இவ்வளவு நேரமும் மனத்தின் ஒரு மூலையில், இரண்டில் எது சரியான முறை என்று நீங்கள் தீர்ப்பு எழுதிக்கொண்டு வரவில்லையே? அந்த மூன்றாவது முறைதான் என்ன என்று கேட்க நாக்கு துடிக்கவில்லையே? துடித்தால் கவலை வேண்டாம். அந்த மின்னஞ்சல் குழுவில் இன்னும் இடம் தாராளமாக இருக்கிறது.