மூக்குச் சாமியின் தாயத்து

மூக்குச் சாமி வருகிறார் என்றால் தோல் ஆலையில் இயந்திரம் நிற்கும். தொழிலாளி மயங்கி விழுந்தால் நிற்காது.

அன்று காலையும் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. கழிவுத் தொட்டியில் குடியிருக்கும் பேயைச் சாமி மோந்தே கண்டுபிடித்துவிடுவார். குனிவார், கண்ணை மூடுவார், நெஞ்சைத் தொட்டுக்கொள்வார். இருக்கு என்றால் இருக்கு, இதுவரை பிசகியதில்லை. பிறகு இறங்குகிறவன் கழுத்தில், தன்னுடையதைப் போலவே ஒரு செப்புத் தாயத்தைக் கட்டுவார். போன மாதம் தாயத்தோடு இறங்கிய இருவர் பிணமாக மேலே வந்தார்கள். அவர்களுக்கு நம்பிக்கை போதவில்லையாம். செத்தவன் எழுந்துவந்து மறுக்கவா போகிறான்? காற்றூதியும் முகமூடியும் கேட்டவர்களிடம், சாமி இருக்கும்போது அதெல்லாம் எதற்கு என்றார் முதலாளி. தொட்டியில் இறங்கப்போவது அவரல்ல. அதனால் அவர் பக்திக்குக் குறைவில்லை.

இன்று இறங்க வேண்டியவன் துப்புரவுக்காரியின் புருஷன். பக்கத்திலுள்ள ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவள் சேதி கேட்டு ஈரத்துணியும் கையுமாக ஓடிவந்தாள். சாமியை நெருங்கியதுதான் தாமதம், அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துள்ளினார். இவள்மேல் பேய் ஏறியிருக்கிறது என்றார். கூட்டம் பத்தடி பின்வாங்கியது.

அவள் துணியை மோந்து பார்த்தாள். கண்ணாடி துடைக்கிற அமோனியா நெடி. இதே துணியோடு போனால் ஆய்வுக்கூடத்திலும் ஒருவன் இப்படித்தான் துள்ளுவான். அவன் சாமியாரல்ல, இன்ஜினியர். அவனுடைய கணினியில் கோடு எகிறிவிடும். ஒருநாள் அவனே விளக்கினான்: "இதுக்கு கிராஃபீன்னு பேரு, அக்கா. கரியில ஒரே அணு கனத்துக்கு ஒரு தாள். அதுமேல வாயு வந்து ஒட்டினா, அதுல ஓடுற கரண்ட் மாறிடும். அதான் உங்க துணியைப் பார்த்தாலே அலறுது." நோயைக் காட்டும் துகளைக்கூட ரத்தத்தில் இது பிடிக்கும் என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. சாமி துள்ளியபோது பிடித்துக்கொண்டதும் நெஞ்சில் தொங்கிய தாயத்தைத்தான்.

"சாமி, ரெண்டு தாயத்துக்கும் ஒரே சக்திதானே?"

"ஒரே சக்திதாம்மா."

"அப்ப மாத்திக் கட்டுங்க. உங்களுது இவருக்கு, இவருது உங்களுக்கு. நீங்களே முதல்ல இறங்குங்க."

சாமிக்கு வியர்த்தது. தன்னுடையதைப் பிறர் தொட்டால் உடம்பு எரியும் என்றார். புருஷனோ, வேலைக்கு உலை வைக்காதே என்று பல்லைக் கடித்தான்.

"வேலை போனா வேற தேடலாம். நீ போனா எங்கய்யா தேடுவேன்?"

அவன் ஏணியிலிருந்து காலை எடுத்தான். தன் தாயத்தின் மூடியைக் கடித்துத் திறந்தான். உள்ளே ஒன்றுமில்லை. அதற்குள், கொக்கி என்று எல்லாரும் கூப்பிடும் மூட்டை தூக்குகிறவன், சாமியின் தாயத்தை அறுத்தெடுத்துவிட்டான். அவன் உடம்பு எரியவில்லை. தாயத்தின் அடியில் ஊசித் துளைகள். உள்ளே நகக்கண் அளவில் ஒரு சில்லு, பொத்தான் பேட்டரி, செல்பேசியை அதிரவைக்கிற குட்டி மோட்டார்.

அவள் துணியைக் கிட்டே காட்டினாள், குளவிபோல் அதிர்ந்தது. விலக்கினாள், அடங்கியது. கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் விட்டாள், அடங்கவே இல்லை.

"விஷ வாயு இருக்குன்னு தெரிஞ்சேதான் ஆளை இறக்கினியா?" என்று கேட்டான் கொக்கி. சாமி முதலாளியைப் பார்த்தார். முதலாளி வானத்தைப் பார்த்தார்.

ஒருவரும் இறங்கவில்லை. மாலைக்குள் காற்றூதி வந்தது, முகமூடி வந்தது. எதற்கும் நல்ல நேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சாமி போலீஸ் வண்டியில் ஏறியபோது, அப்போதும் இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

கழுத்தில் கட்டியது காலி என்று தெரிந்துபோயிற்று. கழுத்துக்கு மேலே இருப்பதும் காலிதானா என்று அவரவர் தட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.