படம் சார் போட்ட கேள்வித்தாள்

தஞ்சாவூர் மாவட்டத்தில் படம் வரையவே வராமல், படம் வரைந்தே காலம் தள்ளிய ஒரே மனிதர் படம் சார்தான். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர். பூதலூர் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் அவர் தலையில். எங்கள் பள்ளிக்கு வந்து சேரும்போதே பாதி ஆளாகத்தான் இருப்பார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று நின்றபடியே டீ குடிப்பார். நின்றபடியே தூங்கியும் பார்த்திருக்கிறேன்.

தேர்வு நாளில், அவரிடம் படிக்கும் ஏழாம் வகுப்பு அபியைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்பது தலைமையாசிரியை மேடத்தின் ஏற்பாடு. அவளோ யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நிற்பாள். நான் வாத்தியார் வேலைக்குப் புதிது, துள்ளிக்கொண்டிருந்தேன். அவளுக்கென்று தனிக் கேள்வித்தாள் போட்டால் என்ன என்று கேட்டேன். படம் சார் கொட்டாவியை முடித்துவிட்டு, "அதே பாடம், அதே மணி, அதே பெஞ்சு. கேள்வி மட்டும் படமா இருக்கட்டும் தம்பி," என்றார். ஒரு தடவை பார்ப்போம், ஒன்றும் எழுதவில்லை என்றால் இனி இந்தப் பேச்சே கூடாது என்று மேடம் ஒப்புக்கொண்டார்.

பேருந்தில் வரும்போதே வரைந்தாராம். எங்கள் ஊர்ச் சாலையும் கூடச் சேர்ந்து வரைந்திருந்தது.

தேர்வில் முதல் கேள்வி: படங்களில் முட்டையிடுவதை வட்டமிட வேண்டும். அபி தாளையே பார்த்தாள். பென்சில் அசையவில்லை.

"நான் சொன்னேன்ல சார். அதுக்கு ஒண்ணும் தெரியாது. ஏன் போட்டு வதைக்கிறீங்க?" என்றார் மேடம்.

படம் சார் அவளருகே குந்தி, ஒவ்வொரு படமாகத் தொட்டுக் கேட்டார்.

"கட்டிலு." அது மாடு.

"கூஜா." அது வாத்து.

"பம்புசெட்டு." அது என்னவென்று அவருக்கே நினைவில்லை.

தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார். "கூஜாதான் மேடம். இதுல எது முட்டை போடும்? புள்ள சரியாத்தான் வட்டம் போடாம விட்டிருக்கு. ஃபெயிலானது நான்."

பிறகு எதெது முட்டை போடும் என்று வாயாலேயே கேட்டார்.

"வாத்து. கோழி. பாம்பும் போடும் சார்," என்றாள் அபி. "மாடு போடாது. கன்னுதான் போடும்."

மேடம் தாளை வாங்கி மதிப்பெண் போட்டார். அடுத்த பரீட்சைக்கும் அவளை அனுப்பும்படி அவள் அம்மாவிடம் சொல்லச் சொன்னார். படம் சார் கேட்டாரோ இல்லையோ. சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

இப்போது அவருக்கு முத்துப்பேட்டைப் பக்கம் மாற்றல். வரும் பருவத்துக் கணக்குப் பரீட்சையில் படமே இல்லாமல், படி, உழக்கு, அரிசி என்று நிஜமாகவே மேசைமேல் வைத்து அபியை அளக்கவிடப் போகிறேன். ஃபோனில் சொன்னேன். "உடம்பு முடியலைதான் தம்பி. லீவு போட்டுட்டு வர்றேன்," என்றார். அரிசி சிந்தும், மேடம் கத்துவார். இருக்கட்டும். எந்த பஸ்ஸில் வந்து இறங்கினாலும், அவர் பையை வாங்கிக்கொள்ள நிறுத்தத்தில் நான் நிற்பேன்.