விண்வெளியில் நான் விட்ட ஒரே உதை

உடம்பில் பலம் இல்லாதவனுக்குத்தான் அதிமனித சக்தியில் அபார நம்பிக்கை இருக்கும். எனக்கு இருந்தது. அப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. கராத்தேயில் பிரவுன் பெல்ட். (ஊரில் பிளாக் பெல்ட் என்று சொல்லி வைத்திருந்தேன். கோட்டைக்குப்பத்தில் யார் பெல்ட்டை வாங்கிப் பார்க்கப் போகிறார்கள்?)

கல்லூரிக் குறும்படப் போட்டிக்குக் கதை எழுதினேன். புவியீர்ப்பே இல்லாத விண்வெளியில் இரண்டு அதிமனிதர்கள் மோதுகிறார்கள். நல்லவன் நான். கெட்டவன், ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்த என் மச்சான் ஏசுதாஸ். அவன் தொண்ணூறு கிலோ. நான் நாற்பத்தெட்டு, ஈரத்துணியோடு.

படகு பழுதுபார்க்கும் கொட்டகையின் இரும்பு உத்திரத்தில் கயிறு கட்டி இருவரும் தொங்கினோம். தெர்மாகோல் பெட்டியைக் குடைந்து ஹெல்மெட் செய்திருந்தேன். (விண்வெளி முழுக்க இறால் வாடை.) செல்போனில் படம் பிடித்தவள், இயற்பியல் படித்துக்கொண்டிருந்த என் அக்கா.

"ஒரே ஒதைதான்க்கா. வியாழன் கிரகத்துல போய் வுழுவான்" என்றேன்.

"நீ எங்க போவே?"

"நான் இன்னாத்துக்குப் போறேன்? அங்கியே நிப்பேன்."

"எத்தப் புடிச்சிகினு நிப்பே? ஊனிக்கத் தரை கீதா அங்க? அவன நீ தள்ற அதே தள்ளு உனக்கும் வரும். நீதான் லேசு, நீதான் வேகமாப் போவே."

"அதெல்லாம் சாதா மனுசனுக்கு. எனக்கு பவர் கீது."

"பவர் ஜாஸ்தின்னா இன்னும் வேகமாப் போவே" என்றபடி அக்கா போனைத் தூக்கினாள்.

சுழன்று உதைத்தேன். ஏசுதாஸ் ஊஞ்சல் குழந்தைபோல் லேசாக ஆடினான். நான் பம்பரமாய்ச் சுழன்றபடி பின்னால் பறந்தேன். அங்கே, மறுநாள் தண்ணீரில் இறக்குவதற்காக என் நைனா அப்போதுதான் நீலப் பெயிண்ட் அடித்து முடித்திருந்த படகு. முகம், மார்பு, விரித்த கைகள் எல்லாமாக அதில் பச்சக்கென்று ஒட்டி, பிறகு பிய்ந்து, கயிற்றில் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கினேன்.

சத்தம் கேட்டு மீன் ஏலத்தில் நின்ற பெண்கள் ஏலத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பின்னாலேயே நைனா.

"எங்கனா அடி பட்டுச்சா?" என்றார்.

"இல்ல நைனா."

"உன்னியக் கேக்கல. போட்டுக்கு அடி பட்டுச்சான்னு ஏசுதாஸைக் கேட்டேன்."

 ஏசுதாஸ் சிரித்த சிரிப்பில் உத்திரமே ஆடிக்கொண்டிருந்தது.

படத்தைப் போட்டிக்கு அனுப்பவில்லை. ஆனால் அக்கா அழிக்கவும் இல்லை. இன்று அவள் எங்கள் ஊர்ப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இயக்கத்தின் மூன்றாம் விதி நடத்தும் நாளில் அந்தப் படத்தை வருடம் தவறாமல் வகுப்பில் போடுகிறாள். பசியாவரம் தீவிலிருந்து படகேறி வரும் பிள்ளைகள்கூட என்னைக் கண்டால், "டேய், எதிர்விசை போறாரு" என்கிறார்கள்.

இந்த வருடம் என் மகளும் அந்த வகுப்புக்கு வந்துவிட்டாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நைனா, பரீட்சைல உதாரணம் கேட்டா உன் பேர எழுதலாமாம். ரெண்டு மார்க்காம். அத்த சொன்னாங்க. எழுதட்டா?"

எழுதிக்கொள் என்றேன். என்னால் குடும்பத்தில் யாராவது மார்க் வாங்கட்டும்.