ஒரு பாட்டை நான் நிறுத்திய விதம்

எழுபது வயதுக்கு மேல் ஒருவர் ஒரு இசைக்குழுவுக்கு ரசிகராவதில் தவறில்லை. ஆனால் அப்படிப்பட்டவர் வீட்டிலேயே இருந்து ரசிக்க வேண்டும். நான் இருக்கவில்லை. அதனால் இரண்டு பிள்ளைகளின் உழைப்பு ஒரே மாலையில் வீணாகியது. அதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவர்கள் 'இரண்டு வயர்' என்று தங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருத்தி கரவெட்டி நிலானி. பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிப்பவள். மற்றவன் குருநகர் ஜூட். படகு எஞ்சின் திருத்துபவன். தவில் இல்லை, வயலின் இல்லை. ஒரு மடிகணினி, பொத்தான்கள் நிறைந்த இரண்டு பெட்டிகள், நிலானியின் குரல். அவ்வளவுதான்.

முதன்முதலில் அவர்களை மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போகும் மினிபஸ்ஸில்தான் கேட்டேன். கொண்டக்டரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, எஞ்சின் பிழையாச் சத்தம் போடுது. டிரைவரிட்டைச் சொல்லும்."

"ஐயா, உது பாட்டு."

"எது?"

"நீங்கள் இப்ப தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது."

குனிந்து பார்த்தேன். என் விரல்கள் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தன. (என்னிடம் அனுமதி கேட்கவில்லை.)

அன்றிலிருந்து நான் ரசிகன். வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் சத்தத்தைப் பதிவு செய்து நிலானி தாளமாக்கியிருக்கிறாள். முதல் இழுப்பில் பிடிக்காமல் இருமும் படகு எஞ்சினை ஜூட் அதற்குள் கொண்டுவந்து விடுகிறான். இரண்டும் ஒன்றையொன்று துரத்த, நடுவே அவள் குரல் ஒரு அவசரமும் இல்லாமல் நடந்து போகும். சொற்கள் குறைவு. ஒரு பாட்டில் மொத்தமே நாலு சொற்கள். அதிலும் ஒன்று எனக்கு விளங்கவில்லை. முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவன் நான். அலை, அதிர்வெண் எல்லாம் தெரியும். ஆனால் அந்தப் பாட்டு முடிந்ததும் ஏன் திரும்பப் போடுகிறேன் என்றுதான் தெரியவில்லை.

"விளங்காததை ஏன் திரும்பத் திரும்பக் கேக்கிறியள்?" என்று என் மனைவி சரசு கேட்டாள்.

"விளங்காதபடியாத்தான்."

அவர்கள் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நிகழ்ச்சி வைத்தபோது சரசையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சுற்றிலும் இளசுகள். கடைசிப் பாட்டுக்கு முன் நிலானி ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"கொழும்பிலை நடக்கப்போற இசைவிழாவுக்கு இந்தப் பாட்டை அனுப்பப் போறம். மேடையிலை ஒரே மூச்சிலை செய்ததா இருக்கோணும், வெட்டி ஒட்டக்கூடாது. இண்டைக்குத்தான் கடைசி நாள். தயவுசெய்து ஒருதரும் சத்தம் போடாதேங்கோ."

நான் பின்னால் திரும்பி, மிக்சர் பைக்கற்றைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பொடியனை முறைத்து, உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அந்த மண்டபத்தில் ஒழுங்கைக் காப்பாற்றும் பொறுப்பு எனக்குத்தான் என்று நினைத்திருக்க வேண்டும்.

பாட்டு அருமையாகப் போனது. மோட்டார் ஓடியது, படகு இருமியது, அவள் பாடினாள். பாதியில் ஏதோ நடந்தது. தாளம் இழுபட்டது. நிலானியின் குரல் தடித்து, கீழே இறங்கி, ஆண்குரலாகி, பிறகு எருமைக் குரலானது. மேடை விளக்குகளும் மங்கிக்கொண்டு வந்தன.

"இஞ்சேரும், உழக்கும்! உழக்கும்! பாட்டு நிக்கப்போகுது!"

யாரடா கத்துவது என்று நானும் சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வயதுக்காரருக்கு இது விளங்கும். யுத்தகாலத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, கசற் றெக்கோடரில் கொழுவிவிடுவோம். ஒருவர் ஏறிப் பெடலை உழக்கினால் பாட்டு வரும். உழக்குகிறவர் களைத்தால் பாடகியின் குரல் இப்படித்தான் எருமைவரைக்கும் இறங்கும். அப்போது உழக்கச் சொல்லிக் கத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் கத்தல் எனக்குள் எங்கே இருந்ததென்று எனக்கே தெரியாது. (பக்கத்தில் இருந்த சரசின் வலது கால் தானாக ஒருதரம் தரையை அழுத்தியது. அவள் இன்றுவரை மறுக்கிறாள்.)

மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஜூட்டின் கை பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பாட்டு உண்மையாகவே நின்றுவிட்டது. திரும்பச் செய்ய நேரமில்லை. வாசலில் அடுத்த கூட்டத்துக்காரர் கதிரைகளோடு காத்து நின்றார்கள்.

மேடைக்குப் பின்னால் போனேன். நிலானியின் கண் கலங்கியிருந்தது.

"அது பழுதில்லை சேர். நாங்கள்தான் வேகத்தைக் குறைச்சனாங்கள்."

"ஏன் பிள்ளை குறைச்சனீங்கள்?"

"பிறகு கூட்டத்தான்."

"எப்ப கூட்டியிருப்பியள்?"

வயர் சுற்றிக்கொண்டிருந்த ஜூட் தலை நிமிராமல் சொன்னான்: "நீங்கள் கத்தின அடுத்த செக்கன்."

மன்னிப்புக் கேட்டேன். எதற்காகக் கத்தினேன் என்று விளக்க முயன்றேன். டைனமோவையே காணாத பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் எதை விளக்குவது?

ஓட்டோ பாதி வழி வந்ததும் சரசு கேட்டாள்.

"அந்த நாளிலை ஆர் உழக்கினது?"

"நீர்தான்."

"ஆர் கேட்டது?"

"நான்தான்."

"எனக்கு மூச்சு வாங்கின சத்தத்திலை ஒரு பாட்டும் முழுசாக் கேக்கேல்லை. இண்டைக்குத்தான் கதிரையிலை சாஞ்சிருந்து ஒண்டைக் கேட்டனான். அதையும் நிப்பாட்டிப் போட்டியள்."

ஓட்டோக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

வேறு பதிவு இல்லாததால், என் கத்தலோடு முடிந்ததையே பிள்ளைகள் அன்றிரவு அனுப்பினார்கள். தெரிவாகவில்லை. கேள்விப்பட்டதும் அவர்களிடம் போனேன். அடுத்த வருடம் திரும்ப முயற்சி செய்வதாக நிலானி பெரிய மனதோடு சொன்னாள்.

"நான் என்ன உதவி செய்யலாம் பிள்ளையள்?"

"வீட்டிலை இருந்து கேளுங்கோ சேர்," என்றான் ஜூட்.

அப்படியே செய்கிறேன். அந்தப் பாட்டைப் பிறகு அவர்கள் முழுதாகப் பதிவு செய்து இணையத்தில் விட்டார்கள். இதற்கிடையில், கனடாவில் இருக்கும் மகள் தாயிடம் கதை முழுவதையும் கேட்டு, என் நீரிழிவு வருத்தத்தைச் சாட்டாக வைத்து, எங்கும் போகாத உடற்பயிற்சிச் சைக்கிள் ஒன்றை இங்குள்ள கடையொன்றின் மூலம் வீட்டில் இறக்கிவிட்டாள்.

இப்போது தினமும் பின்னேரம் நான் சைக்கிளில். சரசு பக்கத்தில் சாய்மனைக் கதிரையில், மடியில் போனோடு. பாட்டு ஓடும். குரல் தடித்துக் கீழே இறங்கும் இடம் வந்ததும் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்ப்பாள்.

"என்னப்பா, களைச்சுப் போனியளோ?"

நான் உயிரைக் கொடுத்து உழக்குவேன். பாட்டு எழும்பிவிடும். அவள் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொள்வாள்.

போனில் சார்ஜ் நிறைய இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.