நாலாவது விதியும் ஏழாவது விதியும்

மணி இரண்டே முக்கால். அரங்கில் இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர். நாற்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறு வருடமாகத் தற்காலிகமாகவே காலம் தள்ளும் விரிவுரையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குக் கல்லூரி முதல்வர் வருவார். மாணவர்கள் எதிரும் புதிருமாக, ஆனால் நாகரிகமாகப் பேசிக்கொள்வதைக் கண்ணால் பார்த்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார். இதற்காகவே விரிவுரையாளர், மதியத்தில் மாடிப்படியை அடைத்துக்கொண்டு அரட்டையடித்த கூட்டத்தைப் போன வாரம் விரட்டி, ஒத்திகைக்கு உட்கார வைத்திருந்தார். தலைப்பு, பெண்கள் விடுதியை ஏழு மணிக்கே பூட்டலாமா என்பது.

"யாராவது பேசுங்கப்பா."

கண்ணாடி போட்ட பெண் அவர் சுவரில் எழுதி ஒட்டியிருந்த பன்னிரண்டு விவாத விதிகளைக் காட்டினாள். "எதிர்த்தரப்பு மனசு நோகக் கூடாதுன்னு நாலாவது விதி இருக்கு சார். நான் வாயைத் திறந்தா நோகும்."

விரிவுரையாளர் நாலாவதைக் கோடு போட்டு அடித்தார்.

"ஏழாவது, எதிர்த்தரப்புக்கு முதல் வாய்ப்பு தரணும்" என்றான் நெட்டையன். "நீங்க பேசுங்க."

"பரவால்ல, நீங்க பேசுங்க."

ஏழாவதும் போனது. சீட்டுக் குலுக்கித் தரப்பைப் புதிதாகப் பிரித்துக் கொடுத்தார். பூட்டக் கூடாது என்றிருந்தவளுக்குப் பூட்டலாம் என்று வந்தது. பூட்டலாம் என்றிருந்த நெட்டையனுக்கு நேர்மாறு.

"அவங்க சொல்றது சரிதான் சார்" என்றான் நெட்டையன்.

"அவ இன்னும் ஒண்ணுமே சொல்லலியேப்பா."

"சொல்லப்போறது என் சொந்தக் கருத்துதானே சார்."

மணி மூன்று. வேறு வழியில்லாமல் தானே கிளப்பிவிடத் துணிந்தார் விரிவுரையாளர். மேசையைத் தட்டினார். "ஏழு எதுக்கு? அஞ்சு மணிக்கே பூட்டணும். பொண்ணுங்களுக்கு வெளியில என்ன வேலை?"

நாற்பது பேரும் ஒன்றாக எழுந்து அவர்மேல் பாய்ந்தார்கள். வாசலில் முதல்வர் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கமா பேசுவாங்கன்னு சொன்னீங்க. எல்லாரும் ஒரே பக்கமால்ல இருக்காங்க" என்றார் அவர். "அடுத்த வருஷம் பாக்கலாம்."

அரங்கு காலியானது. விரிவுரையாளருக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்காலி அடுக்க வந்த அலுவலக உதவியாளரிடம் புலம்பினார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு விஷயத்தை உக்காந்து பேசவே தெரியலய்யா."

"ஒரு மாசமா இதே விஷயத்தைத்தான் சார், ஒருத்தர் முடிச்சப்புறம் ஒருத்தரா, தினமும் மாடிப்படியில உக்காந்து பேசிக்கிட்டிருந்தாங்க. அதைப் பாத்துத்தான் முதல்வருக்கே இந்த ஆசை வந்துச்சு. போன வாரம் நீங்கதான் வெரட்டிவிட்டுட்டீங்க."