பொதுக் குளியலறையில் மேனேஜருக்கு ஆவி

கோபக்காரர்களை இந்த உலகம் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. நாங்கள் கத்துவது மட்டும் எல்லார் காதிலும் விழுகிறது. எதற்காகக் கத்துகிறோம் என்று ஒருவரும் கேட்பதில்லை. அன்று நான் கத்தியது ஒரு நாயின் மூக்குக்காக.

இரண்டாயிரங்களின் தொடக்கம். கிழக்குத் தாம்பரத்தில் மூன்று போர்ஷன் வீடு. பின்பக்கம் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே குளியலறை. எங்கள் நாயின் பெயர் மேனேஜர். (வேலை எதுவும் செய்யாமல் எல்லாரையும் பார்த்துக் குரைக்கும். வேறு என்ன பெயர் வைப்பது?) ஒரு மழை நாளில் என் அண்ணன் ரவி ஸ்கூட்டரைக் கண்மண் தெரியாமல் திருப்பி, மேனேஜரை இடித்துச் சாக்கடையில் தள்ளிவிட்டான். முன்னங்காலில் கட்டு. கூடவே சளி. மூக்கு அடைத்து, விசில் சத்தத்தோடு மூச்சு விட்டது. சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கால்நடை டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "வாசனை தெரியலைன்னா நாய் சாப்பிடாதும்மா. பாத்ரூம்ல வெந்நீரை வெச்சு, கதவை மூடிட்டு, அதோட கொஞ்ச நேரம் உட்காருங்க. வெறும் ஆவி போதும். தைலம் கிய்லம் போட்டுடாதீங்க. நாளைக்கும் சாப்பிடலைன்னா தூக்கிட்டு வாங்க, ட்ரிப்ஸ் ஏத்திப் பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' காதில் விழுந்ததும் நாயை வாரித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை வெந்நீர் அண்டாவோடு கிளம்பினால், அண்ணன் தைல பாட்டிலோடு நிற்கிறான்.

"ரெண்டு சொட்டு மூக்குல விடு, உடனே திறந்துக்கும்."

"இடிச்சவன் வைத்தியம் சொல்ல வேண்டாம்!"

பக்கத்து போர்ஷன் ஷமீம் அக்கா, "நொச்சி இலை போட்டு, போர்வையைப் போத்தி விடுடி" என்றார். மாடி போர்ஷன் சார் தோளில் துண்டோடு வந்து, "ஏம்மா, நான் ஆபீசுக்கு பீச் ஸ்டேஷன் டிரெயினைப் பிடிக்கணும். நாய்க்கு இப்பதான் ஆவி பிடிக்கணுமா?" என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "அதுக்கு இப்பதான் சார் மூக்கு அடைச்சிருக்கு!" என்று கத்திவிட்டு, நாயோடு உள்ளே போய், தகரக் கதவை அறைந்து சாத்தி, தாழ்ப்பாளை ஓங்கி அடித்தேன். (வீராங்கனையாம்!)

உள்ளே ஒரே ஆவி. நைட்டி தொப்பலாக நனைந்தது. ஈரத்துணியால் அதன் மூக்கைத் துடைத்தேன். லீவு கேட்டு வந்த குமாஸ்தாவைப் பார்ப்பதுபோல் மேனேஜர் என்னைப் பார்த்தது. பிறகு தும்மியது. நேராக என் முகத்தில். மறுபடியும் தும்மியது. விசில் சத்தம் நின்றது. என் மூக்குக்கண்ணாடியில் சளி வழிய, சந்தோஷமாகத் தாழ்ப்பாளை இழுத்தேன். அது வளைந்து மாட்டிக்கொண்டிருந்தது.

"கதவு திறக்கலை!"

வெளியே ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். "மேல தூக்கி இழுடி." "சோப்பைத் தடவு." "கோவப்படாம இழும்மா." (இது மாடி சார்.) அண்ணன் வென்டிலேட்டர் வழியாக அதே தைல பாட்டிலை நீட்டி, "எண்ணெய்ப் பசை இருக்குல்ல, தாழ்ப்பாளுக்குப் போடு" என்றான். அந்தக் கையைக் கடித்துவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

கடைசியில் மாடி சார், "தள்ளி நில்லும்மா" என்று சொல்லி ஓர் உதை விட்டார். கீல் பெயர்ந்து கதவு சாய்ந்தது. மேனேஜர் மூன்று காலில் நொண்டியபடி வெளியே வந்தது. எங்களில் ஒருவரையும் சட்டை செய்யாமல், மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டே போய், ஷமீம் அக்கா அடுப்படி வாசலில் நின்றது. உள்ளே ஈரல் வெந்துகொண்டிருந்தது. நாயை அந்தப் பக்கமே அண்டவிடாத அக்கா, மசாலா சேர்க்காத ஒரு துண்டை எடுத்து, ஊதி ஊதி ஆற்றி, வாசலில் போட்டார்.

தின்றது. தின்றுவிட்டு, இன்னும் எங்கே என்பதுபோல் குரைத்தது.

துண்டும் சோப்புமாக நின்ற அத்தனை பேர் முன்னாலும், சளி முகத்தோடு நான் ஓவென்று அழுதேன்.

"இப்ப எதுக்குடி கத்துற?" என்றான் அண்ணன்.

அவன் இதை என் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டார் எல்லாருக்கும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான். இப்போது நாவலூரில் எங்கள் ஃபிளாட்டில் இரண்டு குளியலறைகள். இருந்தும், நான் உள்ளே கொஞ்சம் தாமதித்தால் போதும், கணவர் வந்து கதவைத் தட்டுவார்.

"உள்ள நாய் இருக்கா?"

"இருக்கு. கடிக்கும். போங்க!"